வருங்கால நட்சத்திரங்களும் கிழிந்த ஜவ்வும்

பொங்கல் சமயத்தில் அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு காட்சி தப்பாது. ஊருக்கு ஊர் பிளக்ஸ். "மாபெரும் மின்னொளி கபடி போட்டி". முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வரிசையாகத் தொகைகள், எல்லாமே ஒரு ரூபாயில் முடியும். அதற்குக் கீழே பையன்களின் போட்டோக்கள். கறுப்புக் கண்ணாடி, கட்டிய கை, சரியாக மீசை கூட முளைக்காத முகம். போட்டோவுக்கு மேலே "வருங்கால இந்திய அணியின் நட்சத்திரமே!" என்று ஒரு வரி.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சிரிக்க வேண்டாம் நண்பர்களே. அந்த வரி முழுப் பொய்யும் இல்லை. 2025 அக்டோபரில் ஒரே வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். 17ஆம் தேதி மாரி செல்வராஜின் 'பைசன்' படம் வந்தது. தூத்துக்குடி மாவட்டம் மணத்தி என்ற கிராமத்தில் இருந்து போய், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995ல் அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய படம். அது தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. 18 வயதுக்கு உட்பட்டோர் கபடியில் இந்தியப் பெண்கள் இறுதிப் போட்டியில் ஈரானை 75-21 என்று துவைத்து எடுத்தார்கள். பையன்கள் அதே ஈரானை 35-32 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தார்கள். பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் மன்னார்குடி பக்கம் வடுவூர் அபினேஷ். இரண்டு பேருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது.

ஆக, கிராமத்தில் இருந்தும், நகரத்தில் இருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் குடிவைத்த ஒரு பகுதியில் இருந்தும் இந்திய அணிக்குப் போக முடியும். நரிக்குடியில் இருந்து ஏன் முடியாது? தாராளமாக முடியும். கேள்வி அதுவல்ல. பதினாறு வயதில் நாலு பேரைத் தொட்டுவிட்டு கோட்டைத் தாண்டித் திரும்பி வருகிற பையன், இருபது வயதில் எங்கே இருக்கிறான்? திருப்பூர் பனியன் கம்பெனியில், சிவகாசி பக்கம் வேலையில், அல்லது முழங்காலில் பெல்ட் மாட்டிக்கொண்டு அதே ஊர்ப் போட்டியில் மைக் பிடித்து ஸ்கோர் சொல்லிக்கொண்டு. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

இதற்கு ஊர் டீக்கடையில் கிடைக்கிற விளக்கம் ஒன்றே ஒன்று. "சிபாரிசு இல்லாம செலக்‌ஷன்ல எடுக்க மாட்டானுங்கப்பா". இதில் உண்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. விளையாட்டுச் சங்கங்களின் வரலாறு அப்படி. ஆனால் இது மிகவும் சௌகரியமான விளக்கமும் கூட. ஏனென்றால் முக்கால்வாசிப் பையன்கள் சிபாரிசு தேவைப்படுகிற அந்த இடம் வரைக்குமே போவதில்லை. அதற்கு முன்பே உதிர்ந்து விடுகிறார்கள். உதிர்க்கிறவர்கள் டெல்லியிலோ சென்னையிலோ இல்லை. பாதிக் காரணம் அந்த பிளக்ஸ் வைக்கிற ஊரிலேயே இருக்கிறது.

முதலில் எடை மெஷினைப் பார்ப்போம்.

கபடியில் சப் ஜூனியர், ஜூனியர் என்று பிரிக்கும்போது வயதோடு எடைக்கும் வரம்பு உண்டு. சப் ஜூனியருக்கு 16 வயது, ஜூனியருக்கு 20 வயது. ஆடுகளமும் மாறும். பெரிய ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர், சப் ஜூனியருக்கு 11க்கு 8. சப் ஜூனியருக்கு ஆட்ட நேரமும் குறைவு, 20 நிமிடப் பாதிக்குப் பதில் 15 நிமிடப் பாதி. வளர்கிற உடம்பு என்ற ஒரு அக்கறை அந்த விதிகளில் இருக்கிறது. ஊர்ப் போட்டிக்கு வரும்போது இதில் ஒன்றே ஒன்று மட்டும்தான் மிஞ்சுகிறது: எடை. நோட்டீஸில் "55 கிலோ எடைப்பிரிவு" என்று இருக்கும், பெரும்பாலும் வயது இருக்காது. விளைவு என்ன? ஒல்லியான உடம்புவாகு உள்ள 26 வயது ஆள் ஒரு பக்கம், பத்தாம் வகுப்புப் பையன் எதிர்ப் பக்கம். எடை ஒன்றுதான், எலும்பு ஒன்றல்ல. பத்து வருஷம் மூட்டை தூக்கிய, தறி ஓட்டிய கையின் பிடி வேறு.

அந்த 55க்குள் வருவதற்கு நடக்கிற கூத்து இருக்கிறதே... முந்தின நாள் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. காலையில் தண்ணீரும் கிடையாது. எடை போடுவதற்கு முன்னால் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓட்டம். எச்சில் துப்பித் துப்பிக் குறைக்கிற பையன்களும் உண்டு. மெஷினில் முள் சரியாக நின்றவுடன் கமிட்டிக்காரர் கையில் சீல் குத்துவார். உடனே பரோட்டா, ஒரு பெரிய பாட்டில் கூல் டிரிங்ஸ். ராத்திரி பத்து மணிக்கு முதல் மேட்ச். ஜெயித்தால் ஒரு மணிக்கு அடுத்தது, நாலு மணிக்கு அரையிறுதி, விடிகிற நேரத்தில் பைனல். தமிழ்நாட்டின் காய்ந்த பகுதிகளில் ஒன்றில், உடம்பில் தண்ணீரே இல்லாமல், ஒரே ராத்திரியில் நாலு மேட்ச். உலகத்தில் எந்தப் பயிற்சியாளரும் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு இப்படி ஒரு அட்டவணை போட மாட்டார்.

நன்றாக ஆடுகிற பையன் என்றால் இன்னும் மோசம். அவனைப் பக்கத்து ஊர் அணியும் கூப்பிடும். சனிக்கிழமை ஒரு ஊர், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஊர். கையில் ஐந்நூறோ ஆயிரமோ வைப்பார்கள், பிரியாணி உண்டு, பைக்கில் கூட்டிப்போய்க் கொண்டு வந்து விடுவார்கள். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய மரியாதை! அப்பா கரிமூட்டம் போடுகிறவர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்றால் அந்த ஆயிரம் வீட்டுக்கும் தேவை. பையனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் பாருங்கள்: திறமை கூடக் கூட உடம்பு தேய்கிற வேகமும் கூடுகிறது. சுமாராக ஆடுகிறவன் பெஞ்சில் உட்கார்ந்து தப்பித்து விடுகிறான். நட்சத்திரம்தான் கிழிகிறது.

'கிழிகிறது' என்பது உவமை இல்லை. முழங்காலுக்குள் குறுக்காக ஓடுகிற ஜவ்வு, ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போதும், கால் தரையில் ஊன்றி இருக்கையில் மேலே ஆள் விழும்போதும் கிழிகிற ஜவ்வு. கபடியில் இந்த இரண்டும் நிமிடத்துக்கு நாலு முறை நடக்கும். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது என்பார்கள். அப்புறம் வீக்கம். இந்தப் பக்கத்துப் பழக்கம் என்னவென்றால் நேராக நாட்டுக் கட்டுக்காரரிடம் போய் இலை வைத்துக் கட்டு. எலும்பு முறிவுக்கு அவர்கள் கெட்டிக்காரர்களாக இருக்கலாம், அந்தச் சண்டை இங்கே வேண்டாம். முழுதாகக் கிழிந்த ஜவ்வு கட்டுப் போட்டுப் பழையபடி ஒட்டுவதில்லை. மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து விடும், பையன் நடப்பான், நேராக ஓடுவான். "சரியாயிருச்சு" என்று களத்தில் இறங்குவான். முதல் ரெய்டில் திரும்பும்போது முட்டி நழுவும். இந்தத் தடவை உள்ளே இருக்கிற குருத்தெலும்பும் சேர்ந்து போகும். அத்தோடு சரி.

இதே காயம் இன்னொரு ஆளுக்கு வந்தபோது என்ன ஆனது?

2022ல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. அந்த சீசனின் முதல் போட்டியிலேயே முழங்காலில் அடி. முடிந்தது சீசன். கேலி செய்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் பிசியோதெரபி, படிப்படியான பயிற்சி எல்லாம் முடித்து 2023ல் திரும்பி வந்தார். அந்த வருட ஏலத்தில் 2.605 கோடி, முந்தினதை விட அதிகம்! ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன். ஒரே விதமான முழங்கால்தான். ஒன்று கோடி ரூபாய்க்குத் திரும்பி வருகிறது, ஒன்று பனியன் கம்பெனிக்குப் போகிறது. நடுவில் இருப்பது ஒரு எம்.ஆர்.ஐ ஸ்கேன், ஒரு அறுவை சிகிச்சை, குறைந்தபட்சம் ஒன்பது மாதம் ஒழுங்கான உடற்பயிற்சி, அந்த ஒன்பது மாதமும் "எப்ப வேலைக்குப் போற?" என்று கேட்காத ஒரு வீடு. கடைசியில் சொன்னதுதான் இருப்பதிலேயே விலை அதிகம்.

முழங்காலோடு போனால் கூடப் பரவாயில்லை என்று சொல்ல வைக்கிற சம்பவங்களும் உண்டு. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் நடந்த போட்டியில் பாடிப்போன ஒரு கல்லூரி மாணவர் களத்திலேயே விழுந்து இறந்து போனார். அந்த வீடியோ எல்லோருடைய போனிலும் சுற்றியது. ஒரு வாரம் துக்கம். அதற்கு அடுத்த வாரமே ஆடி மாசப் போட்டிகள் ஆம்புலன்ஸ் இல்லாமல் வழக்கம் போல.

ஊர்ப் போட்டிகளையே நிறுத்திவிட வேண்டும் என்று இதற்கெல்லாம் யாராவது சொன்னால் அது முட்டாள்தனம். மணத்தி கணேசனும் வடுவூர்ப் பையன்களும் வந்தது ஊர்க் களங்களில் இருந்துதான். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் 2016ல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி புரோ கபடி கோப்பையை வாங்கினார், நாற்பது வயதைத் தாண்டியும் கார்னரில் நின்று பிடித்தார். அந்தப் பிடி மேட்டில் கற்றது இல்லை, மண்ணில் கற்றது. ஊர்ப் போட்டி இல்லையென்றால் கபடியே இல்லை. சிக்கல் எங்கே என்றால், ஊர்ப் போட்டி ஏணியின் முதல் படியாக இருக்க வேண்டியது. நரிக்குடி பக்கம் அதுவே முழு ஏணியாக இருக்கிறது. மேலே அடுத்த படி எங்கே என்று பையனுக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது.

அந்த அடுத்த படி இருக்கிறதா? இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். சாப்பாடு, தங்குமிடம், படிப்பு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. ஆனால் சேர்க்கை 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்கு மட்டும். வருடா வருடம் கோடை நெருங்கும் நேரத்தில் தேர்வுப் போட்டி அறிவிப்பு வரும். இப்போது பிளக்ஸில் இருக்கிற முகங்களை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு, ஐ.டி.ஐ, கல்லூரி முதல் வருடம். அதாவது ஊர் ஒரு பையனைக் கண்டுபிடித்து "நட்சத்திரமே" என்று போட்டோ போடும்போது கதவு ஏற்கனவே மூடி விட்டது! ஏழாம் வகுப்பில் அவனைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அப்போது அவன் 35 கிலோ. எந்தக் கமிட்டிக்காரர் கண்ணிலும் படமாட்டான்.

அவனை அந்த வயதில் பார்க்கிற ஒரே ஆள் பள்ளிக்கூடத்து பி.டி. சார். இந்தக் கதையில் எல்லோரும் மறந்து விடுகிற கதாபாத்திரம் அவர்தான். 2012ல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தையல் மாதிரிப் பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. மாதம் 5,000 ரூபாய் சம்பளம், வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடாத வருடம் இல்லை. வாரத்துக்கு மூன்று அரை நாள் வருகிற ஒருவர், எந்தப் பையனுக்குக் கால் வேகம் இருக்கிறது என்று கவனித்து, விண்ணப்பம் போட்டு, விருதுநகருக்குத் தேர்வுக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ் காசு பெரும்பாலும் அவர் சட்டைப்பையில் இருந்துதான். இதையும் மீறிச் செய்கிற பி.டி. சார்கள் இருக்கிறார்கள். அவர்கள் போட்டோ எந்த பிளக்ஸிலும் வந்ததில்லை.

கொஞ்சம் தூரமாகப் போய்ப் பார்ப்போம். அயர்லாந்து. சின்ன நாடு, ரக்பி அங்கே ஒரு வெறி. ரக்பியும் கபடியும் ஒரு வகையில் அண்ணன் தம்பி, ஆளைப் பிடித்துக் கீழே போடுகிற ஆட்டம். 2016ல் அந்த நாட்டின் 20 வயதுக்கு உட்பட்டோர் அணி முதல் முறையாக நியூசிலாந்தை வீழ்த்தி உலக இறுதிப் போட்டி வரை போனது. தொடரின் சிறந்த வீரர் விருது மேக்ஸ் டீகனுக்கு. எல்லோரும் அவரைத்தான் அடுத்த நட்சத்திரம் என்றார்கள். பிறகு நடந்தது வேறு. அதே அணியின் ஜேம்ஸ் ரயனும் ஆண்ட்ரூ போர்ட்டரும் தேசிய அணியின் தூண்கள் ஆனார்கள். அந்த அணியில் அதிகம் பேசப்படாத ஹியூகோ கீனன் நாலு வருடம் கழித்து 2020ல்தான் தேசிய அணிக்குள் வந்தார், வந்த பிறகு பல வருடம் அவர் இடத்தை யாரும் அசைக்க முடியவில்லை. டீகனுக்குக் கிடைத்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய சர்வதேசப் போட்டிகள்தான்.

ஜிம்மும் டாக்டரும் வீடியோ ஆய்வாளரும் வைத்திருக்கிறவர்களாலேயே இருபது வயதுப் பையனை வைத்து ஜோசியம் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். லென்ஸ்டர், மன்ஸ்டர் மாதிரி நாலு மாகாண அணிகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அகாடமி உண்டு. கீனன் மாதிரி மெதுவாக வளர்கிறவருக்கு நாலு வருடம் காத்திருக்க இடம் கிடைத்தது. டீகன் தேசிய அணியில் நிலைக்காவிட்டாலும் லென்ஸ்டரில் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரராக வருடக்கணக்கில் ஆட முடிந்தது. நரிக்குடிப் பையனுக்குக் காத்திருக்கிற வசதி இல்லை. பதினெட்டு வயதில் பூத்தால் உண்டு, இல்லையென்றால் வேலைக்குப் போ. இருபத்திரண்டில் பூக்கிற ரகம் எத்தனை பேர் இந்தக் கரிசல் காட்டில் தறிக்கும் பட்டாசுக்கும் போனார்களோ, யாரும் கணக்கு வைக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? அரசாங்கம் 25 லட்சம் கொடுத்ததில் தப்பே இல்லை. கார்த்திகாவும் அபினேஷும் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். ஆனால் அது ஜெயித்த பிறகு கொடுக்கிற பணம். ஜெயிப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டியது அதை விட மலிவு. ஒன்றியத்துக்கு ஒரு மேட். நரிக்குடி ஒன்றியத்துக்குள் ஏதாவது ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கூரை போட்டு விரித்து வைத்தால் போதும். வெறும் காலில் மண்ணில் ஆடிப் பழகியவன் தேர்வு நாளன்று முதல் முறையாக ஷூ மாட்டி மேட்டில் இறங்கும்போது கால் எங்கே வழுக்கும், எங்கே ஒட்டும் என்று தெரியாமல் திணறுகிறான். முழங்காலுக்கு அன்றைக்கே ஆபத்து ஆரம்பம். அடுத்தது, வாரம் ஒரு நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட். விருதுநகரில் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அங்கிருந்து ஒருவர் சனிக்கிழமை அருப்புக்கோட்டை வரைக்கும் வந்தால் கூடப் போதும். 2018ல் விருதுநகரை மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டம்' பட்டியலில் சேர்த்தது. கல்வி, சுகாதாரம், ஊட்டச்சத்து என்று எல்லாவற்றுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. ஒரு பையனின் முழங்கால் இதில் எந்தத் தலைப்பில் வரும் என்று அதிகாரிகள்தான் சொல்ல வேண்டும் :)

கமிட்டிக்காரர்களுக்கும் வேலை இருக்கிறது, அதற்கு அரசாணை தேவையில்லை. நோட்டீஸில் எடைக்குப் பக்கத்தில் வயதையும் போடுங்கள், பள்ளிச் சான்றிதழ் கேளுங்கள். ஒரு அணிக்கு ஒரு ராத்திரியில் இரண்டு மேட்ச்சுக்கு மேல் வைக்காதீர்கள், போட்டி இரண்டு நாள் நடந்தால் குடி முழுகிவிடாது. ஆம்புலன்ஸ் நிற்கட்டும். பிளக்ஸுக்கும் ஸ்பீக்கர் செட்டுக்கும் ஆகிற செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும். சிறப்பு விருந்தினர் சால்வைகளைக் குறைத்தாலே பாதி தேறும்.

படிக்கிற பையன்களுக்கும் ஒரு விஷயம். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. இரண்டுக்குமே ஊர்ப் போட்டியில் வாங்கிய கேடயம் செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் சான்றிதழ் வேண்டும். வீட்டு அலமாரியில் முப்பது கேடயம் வைத்திருக்கிறவனிடம் அந்த ஒரு பேப்பர் இருக்காது. பள்ளிகளுக்கு இடையிலான மாவட்டப் போட்டி நடக்கிற அன்று அவன் வேறு எங்கோ ஐந்நூறு ரூபாய்க்கு கெஸ்ட் ஆடிக்கொண்டிருந்திருப்பான்.

பெண்கள்? நரிக்குடி பக்கத்து பிளக்ஸில் பெண் பிள்ளைகள் போட்டோ இல்லை என்பதை இதுவரை யாராவது கவனித்தீர்களா? பள்ளிக்கூடத்தில் ஆடுகிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். பத்தாம் வகுப்போடு நிறுத்தி விடுகிறார்கள், ஷார்ட்ஸ் போடுவது ஊருக்குப் பிடிக்காது என்பதால். ஈரானுக்கு எதிராக 75 பாயின்ட் எடுத்தது அப்படி நிறுத்தப்படாத பெண்கள். கண்ணகி நகரில் பரிசுப் பணம் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே சாயங்காலம் தவறாமல் பயிற்சி நடந்தது. ஒரு பயிற்சியாளர், ஒரு களம், தினமும். அங்கே இருந்தது அவ்வளவுதான்.

அடுத்த விளையாட்டு விடுதித் தேர்வுக்கான அறிவிப்பு வரும்போது நரிக்குடி ஒன்றியத்தில் ஏழாம் வகுப்பு படிக்கிற, 35 கிலோ எடையுள்ள, இன்னும் எந்த பிளக்ஸிலும் ஏறாத பையன்களும் பெண்களும் எத்தனை பேர் விருதுநகருக்கு பஸ் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பட்டியலை அந்தந்தப் பள்ளிக்கூட வாசலில் ஒட்டினால், அதற்கு பிளக்ஸ் கூட வேண்டாம், ஒரு வெள்ளைத் தாள் போதும்.